கீழோரத்தில் நிற்கும் புள்ளி

படியேறி வருகிற சத்தத்திலேயே தெரிகிறது, நாட்ராயன் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வருகிறார். மொட்டை மாடிக்கு வருகிறவர் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா, இதென்ன கோயிலா, பகலெல்லாம் வெயில் குடித்த தரை இன்னும் சூடு ஆறவில்லை, சுடட்டும், சொன்னால் பரவால்லீங்க என்பார். எதற்கெடுத்தாலும் இந்த மனுஷனுக்கு ஒரு பரவால்லீங்க. போன வாரம் மில் கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கலாமுங்களா, முறையாக் கல்யாணம் பண்ணீட்டுத்தான் சொல்றேன்" என்று கேட்டார். நான் மேஜையில் சிந்தின டீயை விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். "பரவால்லீங்க, மெதுவாச் சொல்லுங்க" என்று எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டார். கல்யாணம் கேட்டுவிட்டு டம்ளர் கழுவுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆள் மோசமில்லை. மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன், மனைவி காலமாகி வருஷங்களாகிவிட்டன, மகளை ஈரோட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான். நான் அதே மில்லில் நூல் பரிசோதிக்கிற லேபில் இருக்கிறேன். கோகிலாமணிக்குக் கல்யாணம் தப்பிப்போச்சு என்று சொந்தத்தில் சொல்வார்கள், நான் தப்பித்துப்போனேன் என்று திருத்துவேன், நாற்பத்தெட்டு வயதுவரை திருத்திக்கொண்டே வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இருட்டினதும் வீட்டுக்கு வாங்க, சொல்றேன் என்று இந்த ஆளிடம் எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. இதோ வெள்ளிக்கிழமை, இதோ இருட்டு. என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இல்லை, அது பொய், தெரியும். ஒரு பந்தயம் வைத்திருக்கிறேன், என்னோடு நானே. மாடியில் இருக்கிற என் தொலைநோக்கியில் அந்தப் புள்ளி இன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தால் சரி என்பேன், தெரியாவிட்டால் வேண்டாம் என்பேன். ஊர்க் கோயிலில் பொட்டலம் மடித்துப் பூக் கேட்பார்களே, வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு என்று, அந்த மாதிரி. அறிவியல் மன்றத்தில் இருபது வருஷமாக உறுப்பினர், ஆனால் பூக் கேட்கிற புத்தி மட்டும் போகவில்லை.

"ஏனுங்க, லைட்டு போடாமயே இருக்கட்டுமுங்களா" என்று கதவருகில் நின்று கேட்கிறார். மில்லில் மேடம் என்பார். போன வாரத்திலிருந்து மேடமும் இல்லை, பேரும் இல்லை, ஏனுங்கதான். எங்கள் ஊரில் ஏனுங்க என்று தெருவில் போகிற யாரையும் கூப்பிடலாம், புருஷன் பெண்டாட்டியும் கூப்பிட்டுக்கொள்ளலாம், இவர் எந்தக் கணக்கில் கூப்பிடுகிறார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. "போடாதீங்க, பாத்து வாங்க, கைப்பிடிச் சுவத்தைத் தொட்டுட்டே வாங்க" என்றேன். இருட்டுக்குப் பழகின கண் கலையாமலிருக்கச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய டார்ச்சை அவர் காலடியில் அடித்தேன். வெறுங்கால். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருக்கிறார், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று. கீழே மஞ்சுளா பஜ்ஜி போடுகிறாள், எண்ணெய் வாசம் மேலே வருகிறது. என் தம்பி பொண்டாட்டி, நல்ல பெண்தான், ஆனால் கை வாணலியில் இருந்தாலும் காது மாடியில்தான் இருக்கும். நாட்ராயன் தெருப்பக்கம் எட்டிப் பார்த்து, "தகரம் நல்லா நிக்குதுங்களே" என்றார். நிற்காமல் என்ன. மூலையில் புதிதாக வைத்த தெருவிளக்கு என் மாடி முழுக்கக் கொட்டுகிறது, நட்சத்திரமே பார்க்க முடியவில்லை என்று ஒருநாள் கேண்டீனில் யாரிடமோ புலம்பினேன். அவரிடம் கூட இல்லை, பக்கத்து பெஞ்சில் இருந்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் லைன்மேனைக் கூட்டிக்கொண்டு ஏணியோடு வந்தார், தகரத்தை அளவாக மடித்து விளக்குக்குத் தொப்பி மாதிரி மாட்டினார், தெருவுக்கு வெளிச்சம் குறையாமல் என் மாடிக்கு மட்டும் இருட்டு. மல்லிகைப்பூ வாங்கித் தந்திருந்தால் சிரித்து ஒதுக்கியிருப்பேன். இருட்டை வாங்கித் தந்த ஆளை என்ன செய்வது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, இதை இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர நேராகச் சொல்லிக்கொண்டதில்லை, பிடித்திருக்கிறது, நிறையவே. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நட்சத்திரக் கூட்டமான வேட்டைக்காரன் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கிறான். இடுப்பில் வரிசையாக மூன்று, அதில் கிழக்குப் பக்கத்து நட்சத்திரம்தான் எனக்கு வழிகாட்டி. எங்கள் ஊர் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது போகிற தடத்திலேயேதான் டிவிக்குப் படம் அனுப்புகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் வரிசை கட்டி இருக்கின்றன. பூமி ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் அவையும் ஒரு சுற்று, ஆகவே நமக்கு மேலே ஆணியடித்தாற்போல ஒரே இடம். நட்சத்திரம் அதன்மேல் வந்து, காட்டிக் கொடுத்துவிட்டு, மேற்கே நகர்ந்துவிடும். செயற்கைக்கோள் நகராது. மற்ற எதைப் பார்ப்பதானாலும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நட்சத்திரங்களெல்லாம் ஒரு பக்கமாக ஊர்ந்துபோகும், ஒன்று மட்டும் நிற்கும், எது நிற்கிறதோ அதுதான். அவ்வளவுதான் வேடிக்கை. வளையம் கிடையாது, நிறம் கிடையாது. "டிவி டப்பாவைப் பாக்கறதுக்கா மூணு மாசம் கண்ணாடி தேச்சீங்க" என்று கோயமுத்தூர் மன்றத்தில் கேலி செய்வார்கள். ஆமாம், தேய்த்தேன், தொலைநோக்கிக்குள் வைக்கிற எட்டு அங்குலக் கண்ணாடி, டிரம் மேல் வைத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தூளும் தண்ணீரும் விட்டு இந்தக் கையால் குழித்தது. பி.வி.சி. குழாயும் பலகைப் பெட்டியும் தம்பி செய்து கொடுத்தான். சனியைப் பார்த்தேன், நிலாவைப் பார்த்தேன், எல்லாரும் பார்ப்பதுதான். ஒருநாள் குழாயைத் தள்ள மறந்து எதையோ நினைத்துக்கொண்டு நின்றபோது எல்லாம் போய்க்கொண்டிருக்க ஒன்று மட்டும் போகாமல் என்னோடு நின்றது. அன்றைக்கு அப்பா இறந்து பதினாறாவது நாள் முடிந்திருந்தது. வந்தவர்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன், கண்ணீர் லென்ஸில் பட்டுவிட்டது, துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நின்றது. அதற்கு ஒரு பேரும் எண்ணும் உண்டு, எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்வது புள்ளி என்றுதான்.

கார்த்திகைக்குப் பிறகு புள்ளி தெரியவில்லை. முதலில் மேகம் என்று நினைத்தேன். பிறகு பனி. பிறகு கண்ணாடியில் தூசி படிந்திருக்கும் என்று குழாயைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, சுத்தமான தண்ணீரில் பஞ்சு முக்கிக் கழுவினேன், அழுத்தாமல், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. பொருத்தினேன், தெரியவில்லை. மறுபடியும் கழுவினேன். பூச்சு போய்விட்டதோ என்று கோயமுத்தூருக்கு எடுத்துப் போய்க் காட்டினேன், "உங்க கண்ணாடிக்கு ஒண்ணும் இல்ல மேடம், புதுசு மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்கள் மேல் கோபம் வந்தது, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்குக் கோபப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏனென்றால் கண்ணாடி நன்றாக இருந்தால் மிச்சம் இருப்பது என் கண். மங்கலான எதையும் நேராகப் பார்த்தால் தெரியாது, கொஞ்சம் தள்ளிப் பார்வையை வைத்து ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும், இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். என் வலது கண்ணின் ஓரம் எங்கேயோ போய்விட்டது. லேபில் கருப்புப் பலகையில் நூலைச் சுற்றிக் கொடுக்கிறார்கள், கட்டி, மெலிசு, பஞ்சுப் புள்ளி என்று நூலின் குறையெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, நேராகப் பார்க்கிற வேலைதானே, அதனால் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். போன மாதம் மில் கேட்டைத் தாண்டும்போது வலது பக்கமிருந்து ஒரு மொபெட் வந்தது, வரவே இல்லை, திடீரென்று இருந்தது, ஓட்டினவன் "ஏக்கா, கண்ணு தெரியலியா" என்றான். அம்மாவுக்கு இப்படித்தான். கண்ணில் பிரஷர். தட்டுக்கு நேரே இருக்கிற சோறு தெரியும், பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு தெரியாது, கை பட்டுக் கொட்டும். பல்பு மங்கல் என்று அப்பாவைத் திட்டுவாள். நாற்பது வாட்டை எடுத்து அறுபது போட்டார், அறுபதை எடுத்து நூறு போட்டார், கடைசியில் சமையல்கட்டில் எங்களுக்கெல்லாம் கண் கூசியது, அம்மா இன்னும் மங்கல் என்றாள். அவள் பல்பை மாற்றச் சொன்னாள், நான் கண்ணாடியைக் கழுவினேன். அவளை ஐந்து வருஷம் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனது நான்தான், கஷ்டமில்லை, அம்மா அல்லவா. ஆனால் இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிற ஒரு மனுஷன் தலையில் அதைக் கட்டலாமா. ஏற்கனவே ஒரு பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர். இடது கண்ணால் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், பாதிப்பு ஒன்றிலா இரண்டிலுமா என்று. இத்தனை நாளில் இடது கண்ணை லென்ஸுக்குக் கொடுக்கவே இல்லை. பழக்கமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

"குனிஞ்சு பாருங்க, குழாயைத் தொடாதீங்க" என்றேன். எனக்கு முன் அவர் பார்க்கட்டும். ஏன் அப்படிச் செய்தேன், பந்தயம் என்னுடையதல்லவா, தள்ளிப்போடுகிறேன், வேறென்ன. நாட்ராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தின பையன் மாதிரி குனிந்தார். இந்த இடத்தில் எல்லாரும் பொய் சொல்வார்கள். மன்றத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டும்போது நூறு பேர் வரிசையில் வருவார்கள், கண்ணை வைத்த நொடியில் ஆஹா, சூப்பரா இருக்குங்க என்பார்கள், குழாயின் மூடியைக் கழற்றாமலே ஒருதடவை காட்டிவிட்டேன், அதற்கும் ஆஹா. மரியாதைக்குச் சொல்கிற பொய், காட்டுகிறவள் மனம் நோகக் கூடாதென்று. இவர் என்ன சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இருட்டுத்தானுங்க இருக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெரிசா ஒண்ணு பளிச்சுனு போகுதுங்க, கண்ணு கூசுது." அதுதான் வழிகாட்டி, போகட்டும், அது போன பிறகு பாருங்க என்றேன். "போயிருச்சுங்க. பொடிப்பொடியா நாலஞ்சு வருது, அதும் போகுது." நிக்கறது ஏதாவது? என்று கேட்டேன். "இல்லீங்க. தெரியலீங்க." எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம், அவருக்கும் தெரியவில்லை என்றால் மேகமாக இருக்கலாம், குழாய் ஒரு மயிரிழை விலகியிருக்கலாம், என் கண் தப்பியது. "நேராப் பாக்காதீங்க, கொஞ்சம் ஒதுக்கிப் பாருங்க, ஓரக்கண்ணால" என்று என் வாய் தானாகச் சொன்னது, இருபது வருஷப் பழக்கம். டெஸ்டர் எரியாமல் கரண்ட் இருக்கிறது என்று சொல்லாத ஆள், அப்படியே குனிந்து நின்றார். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது, பின்னால் கட்டிய கைகள், ஒரு விரலில் வெட்டுக்காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி. கீழே மஞ்சுளா, "அண்ணி, பஜ்ஜி ஆறுதுங்க" என்று கத்தினாள். "வரோம்" என்று கத்தினேன். வரோம் என்று பன்மையில் சொன்னதை அவள் கவனித்திருப்பாள். "ஏனுங்க" என்றார் நாட்ராயன், குரல் மாறியிருந்தது. "ஒண்ணு நிக்குதுங்க. ரொம்பச் சின்னது. மத்ததெல்லாம் அதத் தாண்டித் தாண்டிப் போகுது, அது பாட்டுக்கு நிக்குதுங்க."

இருக்கிறது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. சந்தோஷம் பாதி, மீதி எதுவென்று எனக்குத் தெரியும். அவர் விலகி நின்று, "பாருங்க" என்றார், தன் வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. குனிந்தேன். வலது கண்ணை வைத்தேன். இருட்டு, இருட்டில் இரண்டு நட்சத்திரம் ஊர்கிறது, நல்ல வெளிச்சமானவை, அவை தெரிகின்றன. பார்வையைத் தள்ளி வைத்தேன், மேலே, இடப்பக்கம், கீழே. மூச்சைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. எங்கேயோ ஒன்று நிற்கிறது, நாட்ராயன் அதைப் பார்த்துவிட்டார், என் புள்ளியை, எனக்கு அது இல்லை. இடது கண்ணை வை, வைத்துப் பார், ஒரு நிமிஷம்தானே. முடியாது. அதிலும் இல்லையென்றால் நான் இந்த மாடியிலிருந்து எப்படி இறங்குவேன், இந்த மனுஷன் முன்னால். "தெரியுதுங்களா" என்றார். "ம், தெரியுது" என்றேன். யாரோ சொன்னமாதிரி இருந்தது. வரிசையில் வருகிற நூறு பேரைக் கேலி செய்கிறவள், நானே தேய்த்த கண்ணாடியின் முன்னால் நின்று, தெரியுது. சரி, இதோ வெள்ளைப் பூ வந்துவிட்டது, கையால் நானே எடுத்து வைத்துக்கொண்ட வெள்ளைப் பூ, இனி சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அவர் விடவில்லை. "எந்தப் பக்கம் தெரியுதுங்க உங்களுக்கு? நான் பாத்தது சரியான்னு தெரிஞ்சுக்கலாம்னு." நடுவுலதான், என்றேன். வேறென்ன சொல்வது, தேடிக் கண்டுபிடித்தவர்கள் நடுவில்தானே வைப்பார்கள். "அப்ப நான் பாத்தது அது இல்லீங்க" என்றார். "எனக்குக் கீழோரத்துல நின்னுது. நெனப்புதான் போல. இத்தனை வருஷமாப் பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததா, நான் தப்பாப் பாத்துட்டேனுங்க." வருத்தத்தோடு கூடச் சொல்லவில்லை. ஃபியூஸ் மாற்றிப் போட்டுவிட்டேன் என்பதுபோல, சாதாரணமாக, தன் கண்ணால் பார்த்ததை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டார். சரியாகப் பார்த்த மனுஷன். அவ்வளவு நேரம் குனிந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததும் தெரியுது என்று சொன்ன மனுஷன். நான் சொன்னால் தன் கண்ணையே நம்பாமல் விட்டுவிடுவார், இன்றைக்கு மட்டுமில்லை, வீட்டில், சமையல்கட்டில், ஆஸ்பத்திரியில், நான் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல நம்பிக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு ஆளை ஏமாற்றி நான் எங்கே போய் வாழ்வது.

"நீங்க பாத்ததுதான் சரி" என்றேன். "எனக்குத் தெரியலை. கார்த்திகையில இருந்தே தெரியலை. இப்பச் சொன்னது பொய்." குனிந்தபடியே சொன்னேன், நிமிர்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவைச் சொன்னேன், மொபெட்டைச் சொன்னேன், கண்ணாடியைக் கழுவினதைச் சொன்னேன். இடது கண்ணை வைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன், அதைச் சொன்ன பிறகு சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காற்று கொஞ்சம் ஆரம்பித்திருந்தது, துணிக்கொடியில் மஞ்சுளா எடுக்க மறந்த துண்டு ஆடிக்கொண்டிருந்தது. "டாக்டர்கிட்டக் காட்டலீங்களா" என்றார். இல்லை என்றேன். "வயர்ல கோளாறை வெச்சுட்டு பல்பை மாத்திட்டிருந்தா எப்படீங்க" என்றார், திட்டுகிற குரல், இதுவரை கேட்டதில்லை, கேட்க நன்றாக இருந்தது. என் வீட்டுச் சமையல்கட்டில் நூறு வாட் எரிந்த கதை இவருக்கு இன்னும் சொல்லவில்லை, ஒருநாள் சொல்ல வேண்டும். நிமிர்ந்தேன். பந்தயத்தில் தோற்றாயிற்று, சிவப்புப் பூதான் வந்தது, பிரித்துப் பார்த்தாயிற்று. ஆனால் பூ என்ன சொன்னால் என்ன, கேட்டது இந்த மனுஷன், பதில் நான்தானே சொல்ல வேண்டும். "திங்கக்கெழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கறேன்" என்றேன். "கண்ணுல மருந்து விட்டாங்கன்னா நாள் பூரா மங்கலாத்தான் இருக்கும், கூட ஒரு ஆள் வேணும்." லீவு சொல்லிடறேனுங்க என்றார், நான் முடிக்கும் முன்பே. "கூட வந்திருக்கறவர் யாருன்னு கேப்பாங்க" என்றேன். அவர் யோசித்தார். மில்லில் கூட வேலை பார்க்கிறவர் என்று சொல்லலாமா, தெரிந்தவர் என்று சொல்லலாமா என்று அவர் தனக்குள் புரட்டுவது எனக்கு இருட்டிலும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "வீட்டுக்காரர்னு சொல்லுங்க" என்றேன். நாட்ராயன் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் இஸ்திரிச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழமைக்குள்ள முகூர்த்தம் எதும் இல்லீங்களே" என்றார். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லிக்கலாம் என்றேன்.